மனசைப் படிப்பேன் என்று நம்பியவள் சேர்ந்த எட்டு வார வகுப்பு

தோழி அனுப்பிய குரல் பதிவு நான்கே விநாடி. "சரி, அப்புறம் பார்க்கலாம்." அவ்வளவுதான். அதை அன்றிரவு ஹெட்போன் மாட்டிக்கொண்டு பதினோரு முறை கேட்டேன். 'சரி'யில் ஒரு இழுப்பு இருக்கிறதா, 'பார்க்கலாம்' ஏன் பாதியில் அமுங்குகிறது என்று ஆராய்ச்சி. குரலைக் கேட்பது எனக்குத் தொழில். பதினான்கு வருஷமாக ஒரு புகார்ப் பிரிவில் அழைப்புகளை எடுக்கிறேன். எதிர்முனையில் இருப்பவர் கத்தப் போகிறாரா அழப் போகிறாரா என்பது, அவர் பேசுவதற்கு முன்னால் இழுக்கும் மூச்சிலேயே எனக்குத் தெரிந்துவிடும். புதிதாகச் சேரும் பிள்ளைகளை என் பக்கத்தில்தான் உட்கார வைப்பார்கள், "அக்காவைப் பார்த்துக் கத்துக்கோ" என்று. அந்தக் காது பதினோரு முறை கேட்டுவிட்டுச் சொன்ன தீர்ப்பு: இவளுக்கு என்மேல் கோபம்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் நானாக அவளைக் கூப்பிடவில்லை. அவள் கூப்பிட்டபோதும் இரண்டு வார்த்தையில் வைத்துவிட்டேன். இதன் முடிவு ஏழாவது வாரத்தில் வரும், அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சமயத்தில்தான் சமூகப் பதற்றத்துக்கான, அதாவது நாலு பேரோடு பேசிப் பழகும்போது என்ன நினைப்பார்களோ என்று வரும் பயத்துக்கான, ஒரு ஆன்லைன் குழுப் பயிற்சியில் சேர்ந்தேன். வாரம் ஒரு வகுப்பு, இரண்டு மணி நேரம், எட்டு வாரம், எட்டுப் பேர், நடத்துவது ஓர் உளவியலாளர். நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. கூட இருந்த ஏழு பேரின் கதையும் இதில் கொஞ்சம் கொஞ்சம் வருகிறது, பெயர் போட்டால் அவர்களை யாராவது அடையாளம் கண்டுவிடலாம். தவிர, இந்த மாதிரி வகுப்புகளின் அடிப்படை எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். எங்கே சேர்ந்தாலும் எதைக் கவனிக்க வேண்டும், எதற்கு ஏமாறக் கூடாது என்று சொல்வதற்காகவே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். என் பதற்றத்தின் மேல் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. பயந்த சுபாவம் உள்ளவர்களுக்குத்தான் அடுத்தவர் மனசு தெரியும், தைரியசாலிகளுக்கு எதிரில் இருப்பவர் முகம் மாறினாலும் உறைக்காது என்பது என் கட்சி. பதற்றம் குறைந்தால் அந்தக் கூர்மையும் போய்விடுமோ என்ற இன்னொரு பதற்றத்தோடுதான் கட்டணத்தைக் கட்டினேன். பிழைப்பே அதை நம்பித்தானே ஓடுகிறது.

முதல் வாரம் அறிமுகமும் படிவமும். மைக்கேல் லீபோவிட்ஸ் 1987இல் வெளியிட்ட கேள்விப் பட்டியல் அது. 24 சூழ்நிலைகள், ஒவ்வொன்றுக்கும் பயம் எவ்வளவு, தவிர்ப்பது எவ்வளவு என்று 0 முதல் 3 வரை போட வேண்டும். மொத்தம் 144. நான் 71. பொது இடத்தில் தொலைபேசியில் பேசுவது என்ற வரிக்கு அலட்சியமாகப் பூஜ்யம் போட்டேன். கடையில் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுப்பது என்ற வரிக்கு இரண்டு கட்டத்திலும் 3. நாள் முழுக்க மற்றவர்கள் பொருளைத் திருப்பித் தரக் கேட்டு வாங்கிக்கொடுப்பவள், தன்னுடையதைத் திருப்ப முடியாமல் அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறாள் என்று அன்றுதான் எழுத்தில் பார்த்தேன்.

இரண்டாவது வாரம் எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம். கண்களைப் பார்த்து மனதைச் சொல்லும் சோதனை. சைமன் பாரன்-கோஹெனும் அவருடைய குழுவும் 1997இல் செய்து, 2001இல் திருத்தி வெளியிட்டது. 36 கறுப்பு வெள்ளைப் படங்கள். ஒவ்வொன்றிலும் ஒருவருடைய கண் பகுதி மட்டும். சுற்றி நான்கு சொற்கள், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாதாரணமாகப் பெரியவர்கள் 26ஐ ஒட்டி எடுப்பார்களாம். நான் 29. "அருமை மேடம், உங்களுக்கு நல்ல உணர்திறன்" என்றார் உளவியலாளர். கேட்கவா வேண்டும், என் கட்சிக்கு டாக்டரே ஓட்டுப் போட்டுவிட்டார் என்று அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

இங்கே என் முதல் குறை. இந்தச் சோதனையைக் கொடுத்துவிட்டு மதிப்பெண்ணை மட்டும் கையில் கொடுத்து அனுப்பக் கூடாது. அந்தப் படத்தில் இருக்கும் கண்கள் என்னைப் பார்க்கவில்லை. அந்த ஆளுக்கு என்மேல் கோபம் வர வழியில்லை. நான் சொன்ன பதிலால் அவர் நாளைக்கு என்னை ஒதுக்கப் போவதும் இல்லை. நிழற்படத்தின் முன்னால் எனக்கு ஏது பதற்றம்? வண்டியை நிறுத்தி வைத்துவிட்டு நான் நன்றாக ஓட்டுகிறேன் என்று சொல்வதற்குச் சமம். அது மட்டும் இல்லை, பாதிக் கேள்விகளில் சோதிக்கப்படுவது சொல்வளம்தான். 'ஐயம்', 'எச்சரிக்கை', 'யோசனை' மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், வித்தியாசம் கண்ணில் இருக்கிறதா அகராதியில் இருக்கிறதா? குழுவில் இருந்த ஓட்டுநர் தம்பிக்கு 19 வந்தது. அவன் அன்று முழுக்கப் பேசவே இல்லை. நிஜத்தில், யாராவது சங்கடப்பட்டால் எங்கள் எட்டுப் பேரில் முதலில் பேச்சை மாற்றுகிறவன் அவன்தான்.

மூன்றாவது வாரம் என் கட்சியில் ஓட்டை விழ ஆரம்பித்தது. ஒரு மேசைப் படத்தைத் திரையில் காட்டினார். மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் நம்மைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார், மேசையின் ஓர் ஓரத்தில் ஒரு புத்தகம். அதற்கு முன் ஐந்து நிமிஷம், எங்களுக்கு மிகவும் பதற்றம் தந்த ஒரு நிகழ்வை எழுதச் சொல்லியிருந்தார். இப்போது ஒரே கேள்வி: "புத்தகம் எந்தப் பக்கம்?" நான் பட்டென்று "வலது" என்று தட்டினேன். எனக்கு வலது. எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு அது இடது. எட்டுப் பேரில் ஆறு பேர் தங்கள் பக்கத்தில் இருந்தே சொல்லியிருந்தோம்.

ஆண்ட்ரூ டாடும் அவருடைய சகாக்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வில் இருந்து எடுத்த பயிற்சி அது. பதற்றமான நினைவைக் கிளறிவிட்டால், மனிதர்கள் அடுத்தவர் இடத்தில் இருந்து பார்ப்பது குறைகிறது. தனக்கு மட்டும் தெரிந்ததை எதிராளிக்கும் தெரியும் என்று எடுத்துக்கொள்வது கூடுகிறது. இதில் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது, கோபத்துக்கு இந்த விளைவு இல்லை என்பது. கோபமும் ரத்தத்தைக் கொதிக்க வைக்கிறதுதான். ஆனால் கோபக்காரனுக்குச் சந்தேகம் கிடையாது, அவனுக்கு எல்லாம் நிச்சயம். பதற்றத்தின் சரக்கே நிச்சயமின்மை. என்ன நடக்கிறது என்று தெரியாதபோது கைக்கு எட்டும் ஒரே துணை நம்முடைய சொந்தப் பார்வைதான், அதைப் பிடித்துத் தொங்குகிறோம். எங்கள் எட்டுப் பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, அமைதியாக இருந்தாலும் பாதிப் பேர் 'வலது' என்றுதான் சொல்லியிருப்போம், அது உளவியலாளருக்கும் தெரியும். ஆனாலும் புத்தகம் எந்தப் பக்கம் என்ற கேள்வி என்னை விடவில்லை. 'அவள் கோபமாக இருக்கிறாள்' என்று நான் கேட்டது அவளுடைய இடத்தில் இருந்தா, என்னுடைய இடத்தில் இருந்தா?

ஆய்வுகள் ஒரே திசையில் போகவில்லை என்பதையும் அவர் மறைக்காமல் சொன்னார், அதற்குப் பாராட்டு. 2011இல் டிபி-எல்ஹனானி, ஷமே-ட்சூரி இருவரும் வெளியிட்ட ஆய்வில், சமூகப் பதற்றம் அதிகம் உள்ளவர்கள் மற்றவர் உணர்ச்சியை ஊகிப்பதில் துல்லியமாக இருந்தார்கள். 2014இல் டயான் ஹெஸலும் ரிச்சர்ட் மெக்நலியும் சமூகப் பதற்றக் கோளாறு உள்ளவர்களைச் சோதித்தபோது விடை நேர்மாறு: மற்றவர்களைவிடக் குறைவாகவே சரியாகச் சொன்னார்கள். தவறின விதம்தான் கவனிக்க வேண்டியது. எதையும் பார்க்காமல் விட்டதால் தவறவில்லை. இருப்பதைவிட அதிகமாகப் பார்த்திருக்கிறார்கள். சும்மா இருக்கும் முகத்தில் பெரிய உணர்ச்சி, சாதாரணச் சொல்லில் ஆழமான அர்த்தம்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், அதானே சார்?" என்றார் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். உளவியலாளர் சிரித்துவிட்டார். ஆனால் நான் அதில் ஒரு திருத்தம் சொல்வேன். இருட்டில் நிஜமாகவே ஏதாவது இருந்தால் அரண்டவன்தான் முதலில் பார்க்கிறான். அழப்போகும் மூச்சை நான் கேட்பது பொய் இல்லை. நான் கோட்டை விடுவது வெளிச்சத்தை. அழைப்பின் கடைசியில் ஒருவர் "ரொம்ப நன்றிங்க" என்று மனசாரச் சொன்னால், அது கிண்டலோ என்று பதிவைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன். எத்தனை பேர் உண்மையிலேயே சந்தோஷமாக வைத்தார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வருத்தத்தைப் படிக்கத் தெரிந்ததை வைத்து மனசையே படிக்கத் தெரியும் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நான்காவது வாரத்தில் இரண்டிரண்டு பேராகப் பிரித்துவிட்டார்கள். எனக்குக் கணக்கு ஆசிரியர். முதல் சுற்று: மூன்று நிமிஷம் பேச வேண்டும், ஆனால் கவனம் முழுக்க நம் முகச் சூட்டிலும் குரல் நடுக்கத்திலும். இரண்டாம் சுற்று: அதே மூன்று நிமிஷம், கவனம் முழுக்க எதிராளி மேல். முடிந்ததும் கேள்விகள். முதல் சுற்றில் சார் என்ன சொன்னார்? எனக்கு ஒன்றுமே நினைவில்லை. கண்ணாடி போட்டிருந்தாரா? தெரியவில்லை. அவருக்கு முந்தின நாளிலிருந்து காய்ச்சல், குரல் கட்டியிருந்தது, அதை முதல் சுற்றிலேயே சொல்லியிருக்கிறார். "ஆமாம் சார்" என்று தலையாட்டியும் இருக்கிறேன். குரலில் பிழைப்பு நடத்துகிற எனக்கு, எதிரே கட்டிப்போன தொண்டையோடு ஒருவர் பேசுவது காதில் விழவில்லை.

டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் இருவரும் 1995இல் எழுதிவைத்த விளக்கம் இதுதான். பதற்றம் வந்ததும் கவனம் உள்ளே திரும்புகிறது. உள்ளே தெரிகிற சூடு, நடுக்கம், படபடப்பை வைத்து, வெளியே நான் இப்படித்தான் தெரிகிறேன் என்று ஒரு படம் வரைகிறோம். பிறகு அந்தப் படத்துக்கு எதிராளி என்ன நினைப்பார் என்று யோசித்து, அதை எதிராளியின் மனசு என்று பெயர் வைத்துக்கொள்கிறோம். இதில் எதிராளி எங்கே வந்தார்? வரவே இல்லை. இந்த ஒரு வகுப்பு மட்டும் இருந்திருந்தாலும் கட்டின காசு எனக்குச் சரியாகிப் போயிருக்கும்.

ஐந்தாவது வாரம் வீடியோ. நான்கு வாரமாக எனக்கு வயிற்றைக் கலக்கிக்கொண்டிருந்தது அது. ஒவ்வொருவரும் மூன்று நிமிஷம் பேசுவதைப் பதிவு செய்து, அதை நாமே பார்க்க வேண்டும். சும்மா போட்டுக்காட்டினால் பலன் குறைவு. பார்ப்பதற்கு முன்னால், எப்படித் தெரிவோம் என்று நுணுக்கமாக எழுதவேண்டும், பிறகு முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்க்க வேண்டும். எங்கள் ஆள் அதை ஒழுங்காகச் செய்தார். நான் எழுதினேன்: முகச் சிவப்பு பத்துக்கு 8, குரல் நடுக்கம் 9, கை நடுக்கம் 7. குழு எனக்குப் போட்டது 2, 1, 0.

திரையில் தெரிந்த பெண்ணைப் பார்த்ததும் எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. பயந்தவள் மாதிரியே இல்லை. தாடையை இறுக்கிக்கொண்டு, அடுத்தவர் பேசும்போது திரையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு, 'இதெல்லாம் எனக்குத் தெரியாதா' என்கிற மாதிரி ஒரு முகம். என் பதற்றம் வெளியே அலட்சியமாகத் தெரிகிறது! குழுவில் இருந்த செவிலியர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். முதல் வாரம் நீங்க எங்களை எடை போடுறீங்கன்னு நினைச்சேன். உங்க முன்னாடி பேசவே கூசுச்சு." ஓட்டுநர் தம்பியும் ஆமாம் என்று தலையாட்டினான்.

நான் அவர்களைப் பார்த்துக் கூசிக்கொண்டிருந்த அதே நேரத்தில் அவர்கள் என்னைப் பார்த்துக் கூசியிருக்கிறார்கள். எட்டுப் பேர், எட்டுப் பேரும் மற்ற ஏழு பேரின் மனசைப் 'படித்து', ஏழையும் தப்பாகப் படித்து, ஐந்து வாரம் உட்கார்ந்திருக்கிறோம்.

டாம் கிலோவிச்சும் சகாக்களும் 1998இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள், நம் உள்ளம் வெளியே கண்ணாடிபோல் தெரிகிறது என்ற மாயை என்று சொல்லலாம். பொய் சொன்னவர்கள், முகம் சுளிக்காமல் ருசி கெட்ட பானத்தைக் குடித்தவர்கள் எல்லோரும், தாங்கள் மாட்டிக்கொள்வோம் என்று எதிர்பார்த்த அளவுக்குப் பார்ப்பவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. 2003இல் சவிட்ஸ்கியும் கிலோவிச்சும் மேடைப் பேச்சில் இதைச் சோதித்தார்கள். இந்த மாயையைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவைத்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாகவே பேசியிருக்கிறார்கள். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று சின்ன வயசில் இருந்து கேட்டு வளர்ந்த நமக்கு இதை ஏற்றுக்கொள்வது சிரமம். என் அகம் என் முகத்தில் தெரியவே இல்லை. வேறு யாருடைய அகமோ தெரிந்தது.

ஆறாவது வாரத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. மூச்சுப் பயிற்சி, தசைத் தளர்வு. கெடுதல் இல்லை, ஆனால் இதை எங்கே வேண்டுமானாலும் இலவசமாகக் கேட்டுக்கொள்ளலாம்.

அந்த வாரத்தில்தான் கூடவே கொடுத்த மொபைல் செயலியையும் தோண்டிப் பார்த்தேன். வாங்கிக் கட்டிக்கொள்ளும் பகுதி இது. செயலி கேமராவில் முகத்தைப் பார்த்து மனநிலையைச் சொல்லுமாம். நான் ஆழ்ந்து எதையோ படித்துக்கொண்டிருந்தபோது 'நீங்கள் கோபமாக இருக்கிறீர்கள்' என்றது. கண்ணாடி போடாமல் சிறிய எழுத்தைப் படித்தால் எனக்குப் புருவம் சுருங்கும், அவ்வளவுதான். லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் வேறு நான்கு ஆய்வாளர்களும் 2019இல் இது பற்றிய ஆய்வுகளை எல்லாம் அலசி எழுதினார்கள்: கோபமாக இருக்கும்போது மனிதர்கள் முகத்தைச் சுளிப்பது சராசரியாகப் பத்துக்கு மூன்று முறைதான், கோபமே இல்லாமல் சுளிப்பதும் உண்டு. அடுத்தவர் முகத்தைப் பார்த்து முடிவுக்குப் பாயாதே என்று வகுப்பில் நான்கு வாரம் சொல்லிக்கொடுத்துவிட்டு, அதையே செய்கிற ஒரு செயலியைக் கையில் கொடுத்தால் எப்படி? இரவு ஒன்பது மணிக்கு, 'இன்று நீங்கள் உள்ளே வரவில்லை, குழு உங்களைத் தேடுகிறது' என்று ஓர் அறிவிப்பு வேறு. பதற்றக்காரர்களுக்கு அனுப்புகிற செய்தியா இது? குழுவில் மூன்று பேர் அதைப் பார்த்துவிட்டு, நிஜமாகவே யாரோ வருத்தப்படுகிறார்கள் என்று மன்னிப்புக் கேட்டு எழுதினார்கள். நான் இரண்டாம் நாளே அழித்துவிட்டேன்.

ஏழாவது வாரத்தின் வீட்டுப்பாடம் ஒரே வரி: 'கேள்.' யாருடைய மனசைத் தெரியும் என்று முடிவு கட்டியிருக்கிறோமோ, அவரிடமே போய்க் கேட்க வேண்டும். இதற்கும் பின்னணி சொன்னார். டல் இயால், மேரி ஸ்டெஃபல், நிக்கோலஸ் எப்லி மூவரும் 2018இல் 25 பரிசோதனைகளை வெளியிட்டார்கள். 'அவர் இடத்தில் உன்னை வைத்துப் பார்' என்று சொன்னால், தங்கள் ஊகத்தின் மேல் சில சமயம் நம்பிக்கை கூடுகிறதே தவிர, கூடுதல் துல்லியம் வரவில்லை. துல்லியம் கூடியது நேரடியாகக் கேட்டபோதுதான். வில்லியம் இக்ஸ் என்பவர் வேறு விதமாக அளந்தார்: இருவர் பேசுவதைப் படம்பிடித்து, அந்தந்த நொடியில் என்ன நினைத்தார்கள் என்று அவர்களிடமே எழுதி வாங்கி, அடுத்தவர் ஊகித்ததோடு ஒப்பிட்டார். முன்பின் தெரியாதவர்கள் சரியாகச் சொன்னது சுமார் 20 சதவீதம். நெருங்கிய நண்பர்களும் தம்பதிகளும்கூட 30, 35ஐத் தாண்டுவது கஷ்டம். பதற்றமே இல்லாதவர்களும் இதில் அடக்கம். தேர்வில் எல்லோருமே தோற்கிறார்கள், நாங்கள் எட்டுப் பேர்தான் விடைத்தாளைப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருக்கிறோம்.

தோழியைக் கூப்பிட்டேன். எப்படித் தொடங்குவது என்று ஒரு தாளில் எழுதிவைத்திருந்தேன், அதை விட்டுவிட்டு நேராகவே கேட்டேன். "அன்னைக்கு ஒரு வாய்ஸ் அனுப்பினியே, 'சரி, அப்புறம் பார்க்கலாம்'னு. என்மேல ஏதாச்சும் கோபமா இருந்தியா?"

அவளுக்கு நினைவே இல்லை. தேதியைச் சொன்னேன். தன் காலண்டரைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை.

"அடிப் பாவி, அன்னைக்குத்தாண்டி எனக்குக் கடவாய்ப் பல்லைப் பிடுங்கினாங்க. மரத்துப்போற ஊசி போட்டு ஒரு பக்கம் வாயே எனக்கு இல்ல. நாலு வார்த்தை பேசினதே பெருசு."

அமுங்கிய 'பார்க்கலாம்' அதுதான். பதினான்கு வருஷ அனுபவம் மரத்துப்போன உதட்டைக் கோபம் என்று கேட்டிருக்கிறது. சிரித்து முடித்த பிறகு அவள் கொஞ்சம் மெல்லிய குரலில் கேட்டாள்: "அதுக்கா ரெண்டு மாசமா நீ ஒரு மாதிரி பேசினே? நான்தான் உன்னை ஏதோ புண்படுத்திட்டேன்னு நினைச்சிட்டு இருந்தேன்." அந்த இரண்டு மாதமும் அவள் வருத்தத்தில் இருந்திருக்கிறாள். அந்த வருத்தம் நிஜம். வருத்தத்தைக் கேட்பதில் கெட்டிக்காரியான எனக்கு அதுவும் கேட்கவில்லை.

எல்லோருக்கும் இப்படிச் சிரிப்பில் முடியவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஓட்டுநர் தம்பி தன் மேலாளருக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்திருந்தான். கேட்டான். உண்மையிலேயே பிடிக்கவில்லையாம், முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். உளவியலாளர் இதைச் சமாளித்த விதம் எனக்குத் திருப்தி இல்லை. "சரியாகப் படிச்சிருக்கீங்க, இப்போ நிச்சயம் தெரிஞ்சிருச்சே" என்று நகர்ந்துவிட்டார். கேட்கிறவனுக்கும் கேட்கப்படுகிறவனுக்கும் சம பலம் இருந்தால்தான் 'கேள்' என்பது எளிய மருந்து. சம்பளத்தில் கைவைக்கக் கூடியவரிடம் போய்க் கேட்பது வேறு. யாரிடம் கேட்கக் கூடாது என்பதற்கும் ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கியிருக்கலாம்.

அதைவிடப் பெரிய குறை இன்னொன்று. இந்தக் கூர்ந்து பார்க்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை அவர்கள் மேலோட்டமாகத் தொட்டுவிட்டுப் போனார்கள். என் அப்பா வேலை முடிந்து வந்து கதவில் சாவி போடும் சத்தத்திலேயே அன்றைய இரவு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிடும். ஒரே திருப்பில் திறந்தால் பரவாயில்லை. சாவி துவாரத்தைத் தேடித் தடவினால் நானும் தம்பியும் போய்ப் படுத்துவிடுவோம், தூக்கம் வந்தாலும் வராவிட்டாலும். எட்டு வயசில் அந்தக் கணிப்பு தப்பியதே இல்லை. அது திரிபும் இல்லை, மிகையும் இல்லை. அந்த வீட்டுக்கு அது சரியான காது. சிக்கல், அந்த வீட்டை விட்டு வந்து இருபத்தைந்து வருஷம் ஆன பிறகும் எல்லாக் கதவிலும் அதே சாவிச் சத்தத்தை அது கேட்பதுதான். இதைச் சொன்னபோது, "இது குழுவில் பேச வேண்டியதில்லை, தனி ஆலோசனைக்கு எடுத்துக்கொள்ளலாம்" என்றார். சரியான பதில்தான், நேரமும் இல்லை. ஆனால் தனி ஆலோசனைக்கு யாரிடம் போகலாம் என்று ஒரு பெயராவது சொல்லியிருக்க வேண்டும். இரண்டு முறை கேட்டும் வரவில்லை.

எட்டாவது வாரம் அவசர அவசரமாக முடிந்தது. மீண்டும் அதே 24 கேள்வி. 71 இருந்தது 58 ஆகியிருந்தது. பெரிய அற்புதம் இல்லை. பொருளைத் திருப்பிக் கொடுக்கும் வரிக்கு இரண்டு கட்டத்திலும் 2 போட்டேன், அலமாரியில் இருந்ததில் ஒன்றைத் திருப்பியும் விட்டேன்.

யாருக்கு இது சரிப்படும்? ஊகித்து ஊகித்தே உறவுகளைக் கெடுத்துக்கொள்கிறோம் என்று ஓரளவாவது சந்தேகம் வந்தவர்களுக்கு. கேமராவை அணைத்துவிட்டு உட்காரலாம் என்று நினைப்பவர்களுக்குப் பிரயோசனம் இல்லை, நான்காவது ஐந்தாவது வாரம்தான் இதன் உயிர், அவை கேமரா இல்லாமல் நடக்காது. வீட்டில் இப்போதும் யாருக்காவது பயந்து வாழ்கிறவர்கள் இதில் சேர்வதற்கு முன் தனியாக ஒரு நல்ல ஆலோசகரைப் பார்ப்பது மேல். எங்கே சேர்ந்தாலும் முதலில் மூன்று கேள்வி கேளுங்கள்: வீடியோப் பயிற்சி உண்டா, பதிவை யார் வைத்திருப்பார்கள், எப்போது அழிப்பார்கள். எங்களுடையதை முப்பது நாளில் அழிப்பதாக எழுதிக்கொடுத்தார்கள்.

என் கூர்மை போய்விடுமோ என்று பயந்தேனே, அது போகவில்லை. அழப்போகும் மூச்சு இன்னும் கேட்கிறது. ஒன்று மட்டும் மாறியிருக்கிறது, முன்பெல்லாம் கேட்டதும் நானாக ஒரு கதை கட்டிவிடுவேன், இப்போது "கொஞ்சம் நேரம் எடுத்துக்கலாமா?" என்று கேட்கிறேன். போன வாரம் ஒருவர், "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, மாடிப்படி ஏறிட்டு இருக்கேன்" என்றார்.

கடைசியாக மதிப்பீட்டுப் படிவம் வந்தது. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுத்தேன், செயலிக்காக ஒன்றைக் குறைத்தேன். அனுப்பிய பிறகு இரண்டு நாள் தூக்கம் சரியில்லை. அந்த ஒரு நட்சத்திரத்தை உளவியலாளர் மனசில் வைத்துக்கொண்டிருப்பாரோ, கடைசி வகுப்பில் என்னிடம் சரியாக விடைபெறவில்லையோ என்று. சரி, வீட்டுப்பாடம்தானே என்று அவருக்கே எழுதிக் கேட்டுவிட்டேன். ஒரே வரியில் பதில் வந்தது: "அந்தப் படிவம் என்னிடம் வராது மேடம், அலுவலகத்துக்குப் போகும், எத்தனை கொடுத்தீங்க?"